கால் குடைச்சலுக்கு ஓபியாய்டு: குடும்ப டாக்டரா, நரம்பியல் டாக்டரா?

ரெஸ்ட்லெஸ் லெக்ஸ் (இரவில் கால் குடைந்து, அசைத்துக்கொண்டே இருக்கத் தூண்டும் நோய்) உள்ளவர்களுக்குப் பிரமிபெக்ஸோல் மாத்திரை முதலில் நன்றாகக் கேட்கும். அப்புறம் சிலருக்கு அதுவே குடைச்சலைச் சாயங்காலமே கிளப்பிவிடும். அடுத்த மருந்தான ப்ரீகாபாலினும் போதாமல், குறைந்த அளவு ஓபியாய்டு (அபின் வகை வலி மருந்து) கேட்டால் குடும்ப டாக்டர் தயங்குகிறார். குடியாத்தம், ஆம்பூர்ப் பக்கம் இருப்பவர்கள் அவரிடமே மன்றாடுவதா, வேலூரில் நரம்பியல் டாக்டரிடம் போவதா?

செலவு: குடும்ப டாக்டரிடம் குறைவு. வேலூரில் சி.எம்.சி. தனியார் மருத்துவமனையில் கூடும்; அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையில் இலவசம்.

நேரம்: குடும்ப டாக்டரை இன்றே பார்க்கலாம். வேலூரில் ஒரு நாள் போய்விடும்.

டாக்டரின் சம்மதம்: முக்கியமானது இதுதான். டிரமடால் என்ற ஓபியாய்டு 2018 முதல் போதைப்பொருள் சட்டத்துக்குள் வருகிறது. குடும்ப டாக்டரின் பயம் நியாயமானது, அவரிடம் கோபப்படாதீர்கள். நரம்பியல் டாக்டருக்கு இந்த நோய் பழக்கம். தூக்கத்தில் மூச்சுத்தடை, மற்ற தூக்க மாத்திரைகள், குடிப்பழக்கம், அடிமையாகும் அபாயம் எல்லாம் கேட்டுத்தான் முடிவெடுப்பார்.

ஃபெரிட்டின் (உடலில் இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் ரத்தச்) சோதனையே செய்யாதவர்களுக்குக் குடும்ப டாக்டர் போதும். அது 75-ஐத் தாண்டாவிட்டால் இரும்புச்சத்து கொடுத்தே பலருக்குக் குறைகிறது. எல்லாம் பார்த்தும் தூக்கமே இல்லாதவர்கள் பழைய மருந்துச்சீட்டுகளோடு வேலூர் போங்கள். அங்கிருந்து கடிதம் வாங்கி வந்தால், தொடர்ந்து கவனிக்கக் குடும்ப டாக்டருக்கும் தைரியம் வரும்.