ஹீட் ஷாக்கா, எலக்ட்ரோபொரேஷனா?

பாக்டீரியாவுக்குள் டி.என்.ஏ.வை நுழைக்க எந்த முறை நல்லது என்று லேபுக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் கேட்பார்கள். உனக்கு எத்தனை காலனி (டி.என்.ஏ. ஏறிய ஒரு செல் தட்டில் பெருகி உண்டாகும் புள்ளி) வேண்டும் என்று திருப்பிக் கேட்பேன்.

கையில் சுத்தமான பிளாஸ்மிட் (வட்ட வடிவச் சின்ன டி.என்.ஏ.) இருக்கிறது, ஈ. கோலை பாக்டீரியாவில் ஏற்றிப் பெருக்க வேண்டும், அவ்வளவுதான் என்றால் ஹீட் ஷாக் போதும். டி.என்.ஏ.வுக்கும் செல்லின் மேற்பரப்புக்கும் எதிர்மின்சுமைதான்; ஒட்டாது. கால்சியம் அயனி நடுவில் புகுந்து சமாதானம் செய்து வைக்கிறது. ஐஸில் அரை மணி நேரம், 42 டிகிரி தண்ணீரில் 45 வினாடி, மறுபடி ஐஸ். பாதி வேதியியல், பாதி வெப்பம். ஒரு மைக்ரோகிராம் டி.என்.ஏ.வுக்கு 1 கோடி காலனி தரும் சுமாரான செல் என்றே வையுங்கள். 1 நானோகிராம் போட்டால் 10,000 வரும். உங்களுக்குத் தேவை ஒன்றோ இரண்டோ!

எலக்ட்ரோபொரேஷன் வேறு ரகம். மின்முனைகளுக்கிடையே 1 மில்லிமீட்டர் இடைவெளி உள்ள க்யூவெட் என்ற சிறு குப்பியில் செல்லை ஊற்றி, 1,800 வோல்ட்டை ஏறக்குறைய 5 மில்லி வினாடி பாய்ச்சினால் சவ்வில் நுண்துளைகள் திறக்கும். 1988-இல் டவர் என்ற ஆய்வாளரின் குழு ஈ. கோலையில் இப்படி மைக்ரோகிராமுக்கு 100 கோடி காலனியைத் தாண்டிக் காட்டியது. ஜீன் லைப்ரரி (ஏராளமான டி.என்.ஏ. துண்டுகளின் தொகுப்பு) கட்டுபவர்களுக்கும், பெரிய பிளாஸ்மிட்டோடு மல்லுக்கட்டுபவர்களுக்கும் இதுதான் கதி. மைக்கோபாக்டீரியம், லாக்டோபேசில்லஸ் போன்ற பாக்டீரியாக்களில் கால்சியம் வித்தை பெரும்பாலும் பலிக்காது, மின்சாரம்தான்.

ஆனால் உப்பை அது மன்னிக்காது. டி.என்.ஏ. துண்டுகளை ஒட்டவைத்த, உப்புள்ள லைகேஷன் கலவையை அப்படியே ஊற்றிப் பொத்தானை அழுத்தினால் ‘டப்’பென்று ஒரு சத்தம், க்யூவெட்டுக்குள் ஒரு மின்னல், இரண்டு நாள் வேலை காலி. எனக்கு மூன்று முறை நடந்திருக்கிறது. செல்லைக் குளிர்ந்த 10 சதவீத கிளிசராலில் திரும்பத் திரும்பக் கழுவுவதும், டி.என்.ஏ.வைத் தண்ணீரில் கரைத்து எடுப்பதும் இதற்காகத்தான். மின்துடிப்பு முடிந்த கையோடு எஸ்.ஓ.சி. என்ற சத்து ஊடகத்தை ஊற்றிவிட வேண்டும். ஒரு நிமிடம் தாமதித்தாலே காலனி குறையும்.

மீயொலி, துகள் துப்பாக்கி, செபியோலைட் என்ற களிமண் கனிமத்தின் நுண்ணிழைகளோடு அகார் தட்டில் தேய்ப்பது என்று வேறு வழிகளும் உண்டு. கடைசியது மலிவு, காம்பிடன்ட் செல்லே (டி.என்.ஏ.வை ஏற்கப் பக்குவப்படுத்திய செல்) தயாரிக்க வேண்டாம். ஆனாலும் அன்றாட வேலைக்கு இவற்றை நான் நாடமாட்டேன்.

செலவு? ஹீட் ஷாக்குக்கு வாட்டர் பாத்தும் ஐஸ் பெட்டியும் போதும். எலக்ட்ரோபொரேஷனுக்குக் கருவி வேண்டும், க்யூவெட்டும் வேண்டும். ஒருமுறை போட்டுவிட்டு எறிய வேண்டிய க்யூவெட்டைக் கழுவி, எத்தனாலில் ஊறவைத்து, மறுபடி எடுக்காத லேப் குறைவு. எடுங்கள், ஆனால் அதே பிளாஸ்மிட்டுக்கு மட்டும்.