துளை போட்டு எச்சத் தகைப்பு அளக்கும் கருவி: சம்மாந்துறையில் நாலு வருடம்

நெல் அவிக்கும் ஆலைகளின் நீராவிக் குழாய் வேலைதான் எங்கள் பட்டறைக்குச் சோறு போடுகிறது. வெல்டிங் ஓரத்திலேயே ஒரு குழாய் வெடித்த பிறகுதான் இந்தக் கருவியை வாங்கினேன்.

வெல்டிங் ஆறும்போது அந்த இடம் சுருங்கப் பார்க்கும், பக்கத்து உருக்கு விடாது, அந்த இழுபறி உள்ளேயே தங்கிவிடும். அதுதான் எச்சத் தகைப்பு. மூன்று ஸ்ட்ரெய்ன் கேஜ் (உலோகம் நீள்வதையும் சுருங்குவதையும் அளக்கும் மெல்லிய கம்பிவலை) உள்ள தகட்டை ஒட்டி, நடுவில் 2 மில்லிமீற்றர் அகலம், 1 மில்லிமீற்றர் ஆழத்துக்குப் படிப்படியாகத் துளை போட்டால் சுற்றுப்புறம் தளர்வது தெரியும். நல்ல இழுவை இருந்தாலும் வருவது இருநூறு முந்நூறு மைக்ரோஸ்ட்ரெய்ன்தான் (ஒரு மைக்ரோஸ்ட்ரெய்ன் என்றால் நீளத்தில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு மாற்றம்). உருக்கு ஒரு பாகை சூடேறினாலே 12 மைக்ரோஸ்ட்ரெய்ன் நீளும். கேஜ் அதைப் பெரும்பாலும் ஈடுகட்டும் என்றாலும், கச்சான் வீசும் மாதத்தில் வெயில் பட்ட பக்கம் ஒரு சூடு, நிழல் பக்கம் ஒரு சூடு என்று குழாய் கிடக்கும்போது பூச்சியமே ஓரிடத்தில் நிற்காது. இப்போது காலை ஆறரைக்குள் தொடங்கிவிடுவேன்.

பாதி வேலை ஒட்டுவதுதான். பெருவிரலால் ஒரு நிமிடம் அசையாமல் அழுத்த வேண்டும், விரலின் சூடும் அழுத்தமும் பசை இறுக உதவும். (பசைப் போத்தல் வீட்டு ஃப்ரிட்ஜில், மீன் சட்டிக்குப் பக்கத்தில். மனைவி இன்னும் மன்னிக்கவில்லை.) ஒருமுறை பெடியன் மினுக்கமாக இருக்கட்டும் என்று கிரைண்டர் பிடித்துவிட்டான். கிரைண்டரே மேற்பரப்பில் புதுத் தகைப்பை ஏற்றிவிடும், அன்றைய கணக்கு முழுக்கக் குப்பை. எமரித்தாள் மட்டும் போதும்.

காற்றில் சுழலும் துளைகருவி முதல் மாரியிலேயே இறுகிப்போனது. கொம்பிரசர் காற்றில் தண்ணீர், உலர்த்தி போடாதது என் பிழை.

திரையில் வரும் எண்ணை அப்படியே நம்பவும் கூடாது. எங்கள் குழாய் 240 மெகாபஸ்கால் (தகைப்பின் அலகு) வந்தால் இளகத் தொடங்கும், அதாவது பழைய அளவுக்குத் திரும்பாமல் நிரந்தரமாக நீளும் ரகம். அதில் 80 சதவீதம், அதாவது 192ஐத் தாண்டினால் துளையோரமே இளகி, உள்ளதைவிடக் கூட்டிக் காட்டும். வெல்டிங் ஓரத்தில் 230 வந்தால் "அதிகம்" என்று மட்டும் எழுதுவேன். நாலு அங்குலக் குழாயின் 6 மில்லிமீற்றர் சுவருக்கு வழக்கமான கணக்குச் சரி, இரண்டு அங்குலக் குழாயின் 3.9 மில்லிமீற்றர் சுவர் மெல்லிசு, அதற்கு அது பொருந்தாது.

ஆலைக்காரர் ஒருவர், "தம்பி, நல்ல குழாயில ஓட்டை போடவா வந்தனீ?" என்று கேட்டார். அதன்பிறகு அதே வெல்டரை வைத்து, அதே வெல்டிங் கூரில் ஒரு மாதிரித் துண்டு வெல்ட் பண்ணச் சொல்லி அதில்தான் துளை போடுகிறேன்.