ஒரு கண் திடீரென இருண்டால் டெல்டாவில் எங்கே போவது?

லீவுக்கு ஊருக்குப் போகும் நம்மில் பலருக்கும் வீட்டில் எழுபதைத் தாண்டிய அப்பா, அம்மா இருக்கிறார்கள். அதனால்தான் இந்த முறை தஞ்சை, திருவாரூர், நாகைப் பக்கம் விசாரித்ததில் இதை மட்டும் எழுதுகிறேன்.

விழித்திரைத் தமனி, அதாவது கண்ணின் உள்திரைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய், அடைத்தால் வலியே இருக்காது. ஒரு கண்ணில் மட்டும் திரை விழுந்த மாதிரி இருட்டிவிடும். வலி இல்லாததுதான் வினை. "பூ விழுந்திருக்கும், காலையில பாத்துக்கலாம்" என்று நந்தியாவட்டைச் சாறு விட்டுப் படுக்க வைத்துவிடுகிறார்கள். இது கண்ணில் வந்த பக்கவாதம். ரத்தம் போகாமல் நாலு மணி நேரம் கடந்தால் பெரும்பாலும் விழித்திரை மீளாது.

கண் ஆஸ்பத்திரிக்கு ஓடுவதுதான் இயல்பு. நான் பார்த்த ஓர் இடத்தில் டோக்கன், கண்ணாடிப் பரிசோதனை, கண் பாப்பா விரியச் சொட்டு மருந்து, முக்கால் மணி நேரக் காத்திருப்பு என்று வரிசையாக நடந்தது. புரை அறுவைக்கு அருமையான ஏற்பாடு, இதற்கு ஆகாது. அங்கே சி.டி. ஸ்கேனும் இல்லை. சொட்டு விட்டிருந்தால் எத்தனை மணிக்கு என்று சீட்டில் எழுதி வாங்குங்கள். இல்லாவிட்டால் விரிந்த பாப்பாவைப் பார்த்து நியூரோ டாக்டர் குழம்புவார்.

108-க்குச் சொல்லும்போது "கண் கோளாறு" என்று சொல்லாதீர்கள். "ஒரு கண் பார்வை திடீர்னு போச்சு, பக்கவாதம்னு சந்தேகம்" என்று சொல்லி, கடைசியாகப் பார்வை நன்றாக இருந்த நேரத்தையும் சொல்லுங்கள். தஞ்சை, திருவாரூர், நாகை மூன்றிலும் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. வேதாரண்யத்திலிருந்து தஞ்சை நூறு கிலோமீட்டருக்கு மேல்; அறுவடை நாளில் நெல் லாரிகளும் சேர்ந்துகொள்ளும். வண்டியில் ஏறியதும் போன் போட்டு, சி.டி. இப்போது ஓடுகிறதா, ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி கையிருப்பு உண்டா என்று கேளுங்கள்.

டார்ச்சை இரு கண்ணுக்கும் மாற்றி மாற்றிக் காட்டினால், கெட்ட கண்ணின் பாப்பா சுருங்காமல் விரியும். விழித்திரை வெளுத்து நடுவில் செக்கச்செவேலெனத் தெரியும் பொட்டு முதல் ஓரிரு மணி நேரத்தில் இல்லாமலும் இருக்கலாம். அது இல்லை என்று திருப்பி அனுப்பினால் விடாதீர்கள்.

பார்வை போய் 4.5 மணி நேரத்துக்குள் என்றால், சி.டி.யில் ரத்தக்கசிவு இல்லாமல், பிரஷரும் 185/110-க்குக் கீழே இருந்தால் சில மையங்களில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஆல்டெப்ளேஸ் ஊசி போடுகிறார்கள். கிலோவுக்கு 0.9 மி.கி.; 60 கிலோ ஆளுக்கு 54. அதில் 5.4 முதல் நிமிடத்தில், மீதி ஒரு மணி நேரத்தில். 50 மி.கி. குப்பி ஒன்று போதாது என்பதை முன்கூட்டியே நினைவில் வையுங்கள். மூளைப் பக்கவாதத்தில் உள்ள அளவு உறுதியான சான்று இதற்கு இல்லை, ரத்தக்கசிவு அபாயமும் உண்டு. டாக்டரிடம் வெளிப்படையாகக் கேட்டு முடிவெடுங்கள். கண்ணை அமுக்கித் தேய்ப்பதன் பலன் நிரூபிக்கப்படவில்லை. அதற்காக வண்டியை நிறுத்த வேண்டாம்.

ஐம்பதைத் தாண்டியவருக்கு நெற்றிப்பொட்டு வலியும், மெல்லும்போது தாடை வலியும் இருந்தால் ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. என்ற ரத்தப் பரிசோதனைகளை உடனே பார்க்கச் சொல்லுங்கள். தமனி அழற்சியாக இருந்தால் ஸ்டீராய்டு தாமதமானால் மற்றக் கண்ணும் போகலாம்.

ஊசி போட்டாலும் போடாவிட்டாலும் ஈ.சி.ஜி., எக்கோ, கழுத்து ரத்தக்குழாய் டாப்ளர் ஸ்கேன் மூன்றையும் முடித்து, ரிப்போர்ட்டை போனில் படமெடுத்து வையுங்கள். அடுத்த சில மாதங்களில் கருவிழிப்படலத்தில் (ஐரிஸ்) புது ரத்தக்குழாய் முளைத்துக் கண் அழுத்தம் ஏறலாம். டிக்கெட் தேதி நெருங்குகிறதென்றால், விமானம் ஏறுமுன்பே ஊரில் யார் அவரைக் கண் டாக்டரிடம் அழைத்துப் போவது, எந்தெந்தத் தேதி என்பதைப் பேசி எழுதி வைத்துவிட்டு வாருங்கள்.