ஜே.சி.பி.க்கு ஹோஸ் போடும் கடையில் ஒரு பழைய எண்டேவர்

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் ஆயிலை ஆறவைக்கும் கூலருக்குப் போகிற ஹோஸ் ஒழுகுகிறது, ஒரிஜினலுக்கு ஆர்டர் போட்டுக் காத்திருக்கச் சொல்கிறார்கள், மெக்கானிக்கோ ஏதோ ஒரு ரப்பர் ஹோஸைச் செருகி கிளிப் போட்டு இறுக்கிவிடலாம் என்கிறார், என்ன செய்வது என்று முழிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். மூலக்கடையிலிருந்து மாதவரம் ரவுண்டானா போகிற ஜி.என்.டி. ரோட்டில், லாரி பட்டறைகளுக்கு நடுவே, ஹைட்ராலிக் ஹோஸ் அடித்துக் கொடுக்கும் ஒரு சின்னக் கடை இருக்கிறது. அங்கேதான் மாற்றினேன். வேலை சுத்தம். கடையைப் பற்றிக் குறையும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன்.

வண்டி பழைய ஃபோர்டு எண்டேவர், 3.0 லிட்டர், ஃபோர் வீல், ஆட்டோமேட்டிக். நம்ம மறைமலைநகரில் செய்தது. ஃபோர்டு 2021-ல் இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தாலும் இந்த வண்டிகள் இன்னும் ஊரெல்லாம் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. ஹோஸ் கசிந்ததற்குக் கம்பெனியைக் குறை சொல்ல முடியாது. இத்தனை வருஷம் சூடான ஆயிலிலும் எஞ்சின் அனலிலும் கிடக்கிற ரப்பர் எந்த வண்டியில் இருந்தாலும் கெட்டிப்படும், கெட்டிப்பட்டால் இரும்பு பைப்போடு சேரும் இடத்தில், ஹோஸை பைப்போடு சேர்த்து அமுக்கிப் பிடிக்கிற உலோக வளையத்துக்கு அடியில், பிடி விட்டுக் கசியத் தொடங்கும்.

தரையில் சிவப்பாகச் சொட்டினால் கியர் ஆயில் என்று உடனே முடிவு கட்டவும் வேண்டாம், சிவப்பு கூலன்ட்டும் இருக்கிறது. விரலில் தேய்த்துப் பார்த்தால் தெரிந்துவிடும், ஆயில் வழவழவென்று இருக்கும், கூலன்ட் தண்ணியாக ஓடும். சொட்டுகிற இடமும் ஒழுகுகிற இடமும் ஒன்றாக இருக்காது, காற்றில் அடித்துப் பின்னால் வரை பரவியிருக்கும். அதனால் அடிப்பக்கத்தை நன்றாகத் துடைத்து, எஞ்சினை ஓடவிட்டு, டார்ச் அடித்துப் பாருங்கள். சின்னக் கசிவுதானே என்று விட்டால் ஆயில் குறைந்து, 'டி'-யில் போட்டால் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் வண்டி நகரும். அந்த நிலைக்குப் போனால் உள்ளே கிளட்ச் தட்டுகள் கருகத் தொடங்கும், அப்புறம் பில் லட்சத்தில் வரும். மண்ணிலும் மேட்டிலும் ஓட்டுகிறவர்களுக்கு இன்னும் மோசம், எஞ்சின் சக்தியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் சூட்டைக் கிளப்புவதே அங்கேதான்.

சரி, கடைக்கு வருவோம். வாசலில் எப்போதும் ஏதாவது ஒரு ஜே.சி.பி. ஆபரேட்டர் அறுந்த ஹோஸைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்பார். கடைக்காரப் பாய் என் பைப்பை வாங்கி, வளைவைப் பார்த்துவிட்டு, நான் கேட்ட கம்பி வலை ஹோஸைத் தர மறுத்துவிட்டார். "ஸ்ட்ராங்கா இருக்குன்னு ஆர்-ஒன்னு கேக்குறீங்க சார், இந்த வளைவுக்கு அது வராது, ஜாயின்ட்ட இழுத்துனே இருக்கும்." அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. கம்பி வலை வைத்த ஆர்1 ஹோஸ், 3/8 அங்குல அளவில், சுமார் 180 பார் அழுத்தம் தாங்கும், ஆனால் ஐந்து அங்குல ஆரத்துக்குக் கீழே வளைக்கக் கூடாது. நூல் பின்னல் வைத்த ஆர்6 அதே அளவில் சுமார் 28 பார்தான் தாங்கும், மூன்று அங்குல ஆரம் வரை வளையும். கூலர் லைனில் ஓடும் அழுத்தம் அந்த 28-க்குப் பக்கத்தில்கூட வராது. வியாபாரம் பெருசு என்று விலை கூடினதைத் தள்ளிவிடாமல் இதைச் சொன்னதற்கே அவருக்கு ஒரு கும்பிடு. ஒரு விஷயம் மட்டும் கவனத்தில் இருக்கட்டும், இந்த இரண்டு வகையும் 100 டிகிரி செல்சியஸ் வரைக்கும்தான். எஸ்.ஏ.இ. ஜே1532 என்று அச்சிட்ட ஹோஸ் கிடைத்தால் அதை வாங்குங்கள், அது கியர்பாக்ஸ் கூலருக்கென்றே வந்த தரம். ரேடியேட்டர் ஹோஸை மட்டும் யார் சொன்னாலும் போடாதீர்கள், அந்த ரப்பர் ஆயில் பட்டால் ஊதிப்போகும்.

பழைய வளையத்தை எடுத்த விதத்தைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஹேக்ஸா பிளேடால் நீளவாக்கில் முக்கால்வாசி ஆழம் மட்டும் கோடு போட்டு, ஸ்க்ரூடிரைவரை அந்தக் கோட்டில் வைத்துத் திருகினார், கடலைத் தோல் மாதிரி வளையம் பிளந்துகொண்டது. உள்ளே பைப்பின் வரிகளில் ஒரு கீறல் இல்லை. கீறல் விழுந்தால் புது ஹோஸும் அங்கேயே கசியும், அதனால்தான் இந்தப் பொறுமை. அப்புறம் புது வளையம், மெஷினில் சுற்றிலும் ஒரே நேரத்தில் அமுக்கு, வெர்னியரில் அளவு, இன்னும் கொஞ்சம் அமுக்கு, மறுபடி அளவு. கிளிப் போட்டு இறுக்குவதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அந்த அளவெடுப்பில்தான் இருக்கிறது.

இப்போது குறை. ஹோஸைக் கட்டிங் வீலில் அறுக்கிறார்கள், ரப்பர் தூள் முழுக்க உள்ளே போகிறது, அதை ஊதிக் கொடுக்கும் பழக்கம் அங்கே இல்லை. கேட்டால் முகம் சுளிக்காமல் ஏர் அடித்துத் தருகிறார்கள், கேட்காவிட்டால் அப்படியே கையில் வந்துவிடும். ஜே.சி.பி. எப்படியோ, கியர்பாக்ஸுக்குள் ஆயிலைத் திருப்பிவிடும் வால்வ் பாடியில் இருக்கும் சின்னச் சின்னத் துளைகளுக்கு அந்தத் தூள் விஷம். ஏர் அடித்த பிறகும் கொஞ்சம் புது ஏ.டி.எஃப்., அதாவது ஆட்டோமேட்டிக் கியர் ஆயில், விட்டுக் கழுவிவிட்டுத்தான் மாட்டவிட்டேன். இன்னொன்று, நம் வேலை பாதியில் இருக்கும்போது அவசரமாக ஒரு கிரேன்காரர் வந்தால் நம்மை ஓரங்கட்டிவிடுவார்கள். அவர்கள் பிழைப்பு அது, புரிகிறது, ஆனாலும் கடுப்பாகத்தான் இருந்தது. பில்லில் 'ஹோஸ் - 2' என்று மட்டும் எழுதுவார்கள், ஹோஸின் மேல் இருக்கும் எழுத்தைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மாட்டுகிற வேலை என் மெக்கானிக் செய்தது. செப்பு வாஷர் இருக்கிற ஜாயின்ட்டில் புது வாஷர், டெஃப்லான் டேப் எங்கேயும் கிடையாது, ஃபேனிலும் சைலன்சர் பைப்பிலும் உரசாமல் ஹோஸைக் கட்டியாயிற்று. போன ஆயிலுக்கு ஈடாக மேனுவலில் சொன்ன வகையையே ஊற்றி, அதில் சொன்ன முறைப்படி லெவல் பார்த்தோம். தடா பக்கம் கல்லும் மண்ணுமான வழியில் ஓட்டிவிட்டு வந்து பார்த்தேன், இரண்டு ஜாயின்ட்டும் காய்ந்துதான் இருக்கின்றன.

ஹோஸ், வளையம், கூலி எல்லாம் சேர்த்து 2,000 ரூபாய்க்குள் முடிந்தது. வண்டியை அங்கே ஓட்டிக்கொண்டு போகாதீர்கள், நிறுத்த இடமும் இல்லை, கழற்ற ஆளும் இல்லை. பைப்பைக் கழற்றி, எந்த முனை எந்தப் பக்கம் திரும்பியிருந்தது என்று மார்க்கரில் கோடு போட்டுக் கையோடு கொண்டுபோங்கள், அந்தக் கோட்டைப் பார்த்துத்தான் அமுக்குவார்கள். காலையில் கடை திறந்ததும் போனால் கூட்டம் குறைவு.