முள் ஏறாத லாரி: கைச்சோதனையா, டெம்பரேச்சர் கன்னா, ஸ்கேனரா?

லாரி ஹீட் ஆகிறது என்றால் சேலத்தில் எந்தப் பட்டறையிலும் உடனே கேபினைத் தூக்கிவிடுவார்கள். "ஹீட் ஏறவே மாட்டேங்குதுண்ணா" என்று சொல்லிப் பாருங்கள், "நல்லதுதானே, ஓட்டுங்க" என்பார்கள். சித்திரையில் 40 டிகிரி அடிக்கிற ஊரில் அப்படித் தோன்றுவது இயல்பு. ஆனால் டாஷ்போர்டில் சூட்டைக் காட்டும் முள் ஏறாமல் கிடப்பது எஞ்சினுக்கு நல்லதே இல்லை.

லாரி டீசல் எஞ்சின் பெரும்பாலும் 80 முதல் 95 டிகிரிக்குள் ஓட வேண்டும். 60-லேயே கிடந்தால் டீசல் முழுதாக எரியாது. எரியாத டீசல், பிஸ்டன் ஓடும் லைனரின் சுவரைக் கழுவிக்கொண்டு, ஆயில் தங்கும் அடித்தொட்டியான சம்ப்புக்குள் இறங்கி ஆயிலை நீர்க்க வைக்கும். ஆயில் மூடிக்கு உள்பக்கம் வெளுத்த பிசுக்கு படியும். மைலேஜ் அடிபடும். 2020 ஏப்ரல் 1-க்குப் பிறகு வந்த பிஎஸ்6 (புகைக் கட்டுப்பாட்டு விதி) வண்டிகளில் தொல்லை இன்னும் பெரிது. எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீரான கூலண்ட் போதிய சூட்டுக்கு வராவிட்டால் பல எஞ்சின்களில், புகையில் உள்ள கரியைப் பிடிக்கும் வடிகட்டியான டிபிஎஃப் அந்தக் கரியை எரிக்கும் ரீஜெனரேஷன் தொடங்கவே தொடங்காது. கரி அடைத்து, பவர் இறங்கி, வண்டி பைபாஸில் ஓரங்கட்டி நிற்கும்போது சூட்டைப் பொறுத்து ரேடியேட்டருக்குப் போகும் வழியைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டின் மேல் யாருக்கும் சந்தேகம் வராது.

காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்று. தெர்மோஸ்டாட் திறந்த நிலையில் சிக்கியிருக்கும், அல்லது முன்பு யாரோ அதைக் கழற்றியே விட்டிருப்பார்கள். சென்சாரோ ஒயரோ முள்ளோ தப்பாகக் காட்டலாம். கூலண்ட் குறைந்து, சென்சார் தண்ணீருக்குப் பதில் காற்றில் நிற்கலாம். இந்த மூன்றாவதுதான் ஆபத்தானது. முள் கீழே கிடக்கும், எஞ்சின் உள்ளே வெந்துகொண்டிருக்கும். அதனால் எந்தச் சோதனைக்கும் முன்னால், எஞ்சின் ஆறிய நிலையில் கூலண்ட் அளவைப் பார்த்துவிடுங்கள். சூட்டோடு ரேடியேட்டர் மூடியில் கை வைக்கவே கூடாது.

சூட்டைப் பொறுத்து வேகம் மாற வேண்டிய விஸ்கஸ் ஃபேன் பூட்டிக்கொண்டு எப்போதும் முழு வேகத்தில் சுற்றுவதையும் சிலர் காரணமாகச் சொல்வார்கள். அது டீசலைத் தின்னும், இரைச்சல் போடும். ஆனால் தெர்மோஸ்டாட் சரியாக மூடினால் ரேடியேட்டருக்குத் தண்ணீரே போகாது. ஃபேன் மட்டும் எதைக் குளிர்விக்கும்? முதல் சந்தேகத்தை அதன் மேல் வைக்க வேண்டாம்.

இனி சோதனை முறைகள். முதலாவது கைச்சோதனை. ராத்திரி முழுக்க நின்ற வண்டியை விடிகாலையில் ஸ்டார்ட் செய்து, எஞ்சினிலிருந்து ரேடியேட்டருக்குப் போகும் மேல் ஹோஸை அவ்வப்போது தொட்டுப் பார்ப்பது. ஃபேனையும் பெல்ட்டையும் விட்டுக் கை தள்ளியே இருக்க வேண்டும். தெர்மோஸ்டாட் நன்றாக இருந்தால் எஞ்சின் சூடாகிக்கொண்டே போனாலும் ஹோஸ் நெடுநேரம் குளிர்ந்தே இருக்கும். 80-ஐத் தாண்டியதும் சட்டென்று சுடும். திறந்தபடி சிக்கியிருந்தால் ஆரம்பத்திலிருந்தே எஞ்சினோடு சேர்ந்து ஹோஸும் மெல்ல மெல்ல வெதுவெதுப்பாகும். தெர்மோஸ்டாட்டில் காற்று போக ஒரு சிறு துளை உண்டு. அதன் வழியே வரும் லேசான வெதுவெதுப்பை வைத்துப் பழி போட்டுவிடக் கூடாது. இன்னொன்று, டீசல் எஞ்சின் ஐடிலில் நின்றால் சூடு ஏற மறுக்கும். நிறுத்திய இடத்திலேயே முடிவு கட்டாமல் லோடோடு கொஞ்ச தூரம் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, தொடாமலே சூட்டை அளக்கும் டெம்பரேச்சர் கன். கை சொல்லாத எண்ணைச் சொல்லும், விலையும் ஒன்றிரண்டாயிரத்துக்குள்தான். ஆனால் இதை வாங்கியவர்களில் பலர் பளபளக்கும் அலுமினிய ஹவுசிங்கை நோக்கி அடித்துவிட்டு "55 தான் காட்டுது" என்று தெர்மோஸ்டாட்டை மாற்றுகிறார்கள். மினுக்கும் உலோகத்தில் இந்தக் கருவி உண்மையை விட வெகுவாகக் குறைத்துக் காட்டும். ஹவுசிங்கில் ஒரு துண்டு கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி, ஒரு சாண் தூரத்துக்குள் நின்று அதன் மேல் அடியுங்கள். ரப்பர் ஹோஸ் மேல் அடித்தால் உள்ளே இருக்கும் தண்ணீரை விடச் சில டிகிரி குறைவாகத்தான் வரும், அதையும் கணக்கில் வையுங்கள். டேப் மேல் 82-ம் டாஷ்போர்டு முள் கால்வாசிக்குக் கீழுமாக இருந்தால் எஞ்சினில் குறை இல்லை. சென்சார் முனையில் பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்கள். இந்த வகை சென்சாரில் மின்தடை கூடினால் குளிர்ச்சி என்று அர்த்தம், அதனால் துருப்பிடித்த கனெக்டர் சூடான எஞ்சினையும் குளிர்ந்ததாகக் காட்டும்.

மூன்றாவது, எஞ்சினின் கணினியான ஈசியூவில் பதிந்ததைப் படிக்கும் ஸ்கேனர். பி0128 என்ற கோடு வந்தால், தெர்மோஸ்டாட் காக்க வேண்டிய சூட்டுக்குக் கூலண்ட் வரவில்லை என்று ஈசியூ முடிவு செய்திருக்கிறது. கனரக வண்டிகளில் கூலண்ட் வெப்பம் எஸ்பிஎன் 110 என்று வரும். கோடு வந்த கையோடு பாகம் மாற்றச் சொல்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. ஸ்கேனர் தானாக எதையும் அளப்பதில்லை, சென்சார் சொன்னதைத் திருப்பிச் சொல்கிறது. அதை மடக்கவும் ஒரு வழி உண்டு. விடிகாலையில் எஞ்சினை ஓட்டாமல் சாவியை மட்டும் ஆன் செய்து, கூலண்ட் வெப்பத்தையும் உள்ளே வரும் காற்றின் வெப்பத்தையும் பாருங்கள். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்க வேண்டும். ஒன்று மட்டும் பத்துப் பதினைந்து டிகிரி விலகினால் சென்சார் பக்கம் போங்கள்.

கழற்றிய தெர்மோஸ்டாட்டைப் பாத்திரத்தில் வேகவைப்பது பழைய முறை. நூலில் கட்டி, அடியைத் தொடாமல் தொங்கவிட்டு, கூடவே ஒரு தெர்மாமீட்டர். அதன் மேலேயே 82 என்றோ 83 என்றோ திறக்கும் சூடு பொறித்திருக்கும். முழுக்கச் சிக்கியதைக் கண்ணால் பார்த்தாலே தெரியும். 70-லேயே வாய் திறக்கும் தளர்ந்த தெர்மோஸ்டாட்டைப் பிடிக்க இந்தச் சோதனை வேண்டும். ஏற்காட்டில் செய்தால் ஒன்றை மறக்க வேண்டாம்: கிட்டத்தட்ட 1,500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். முழுக்கத் திறக்க 95 கேட்கும் வகை அங்கே அரைகுறையாகத் திறந்தால் அதைக் குறை என்று எண்ண வேண்டாம்.

எனக்கு இவை எல்லாவற்றையும் விட நம்பிக்கையான சோதனைக்களம் ஏற்காடு மலைப்பாதைதான். சிமென்ட், செங்கல் ஏற்றிக்கொண்டு அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறும் வண்டியில், திறந்தபடி சிக்கிய தெர்மோஸ்டாட்டும் முள்ளை 80-க்குக் கொண்டுவந்துவிடும், ஏற்றத்தில் அவ்வளவு சூடு உற்பத்தியாகும். டிரைவரும் எல்லாம் சரி என்று நினைப்பார். காப்பிக்கொட்டை மூட்டையோடு இறங்கும்போது பாருங்கள். பாதி இறக்கத்துக்குள் முள் சரிந்து அடியில் படுத்துவிடும். நல்ல தெர்மோஸ்டாட் உள்ள வண்டியிலும் இறக்கத்தில் முள் கொஞ்சம் இறங்கும், ஆனால் மெதுவாக. சென்சார் பக்கத்துக் குறை என்றால் கதை வேறு: ஏற்றத்திலும் முள் நடுவுக்கு வராது, இறக்கத்திலும் அப்படியே. ஒரே பயணத்தில் இரண்டு காரணங்களும் பிரிந்துவிடுகின்றன.

தருமபுரி-சேலம் சாலையின் தொப்பூர் இறக்கத்தில் மட்டும் முள் விழுகிறது என்று சொல்பவரிடம் நான் கேட்பது: நியூட்ரல் போட்டு இறங்குகிறீர்களா? அப்படியானால் எஞ்சின் ஐடிலில் ஓடிக் குளிர்கிறது. டீசல் மிச்சம் என்று நினைத்துச் செய்கிறார்கள். இன்றைய எஞ்சின்களில் கியரில் இறங்கினால்தான் டீசல் அடியோடு நிற்கும், நியூட்ரலில் ஐடிலுக்குச் செலவாகும். பிரேக் காய்ந்து போகிற உயிராபத்து வேறு. அந்த மலைப்பாதை எத்தனை குடும்பங்களை அழவைத்திருக்கிறது என்று சேலத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே என் வரிசை இது: கூலண்ட் அளவு, விடிகாலைக் கைச்சோதனை, கறுப்பு டேப்போடு டெம்பரேச்சர் கன், ஓர் ஏற்ற இறக்கம். பிஎஸ்4 வரையிலான வண்டிக்கு இவையே போதும். பிஎஸ்6 என்றால் ஸ்கேனரையும் சேர்த்துக்கொள்ளுங்கள், டிபிஎஃப் எவ்வளவு அடைத்திருக்கிறது என்பதை மற்ற சோதனைகளால் அறிய முடியாது. பாத்திரம் கடைசியில்.

குறை தெர்மோஸ்டாட்தான் என்று உறுதியானால், "கழற்றிப் போட்டுட்டு ஓட்டுங்க, நம்ம ஊர் வெயிலுக்கு எதுக்கு" என்ற யோசனைக்குச் செவி கொடுக்காதீர்கள். பல எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போது அதன் பின்தட்டு பைபாஸ் வழியை அடைக்கும். தெர்மோஸ்டாட் இல்லாவிட்டால் அந்த வழி திறந்தே கிடக்கும். தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டரைத் தொடாமலே எஞ்சினுக்குத் திரும்பும். சமவெளியில் குளிர்ந்து கிடந்த அதே வண்டி மலை ஏறும்போது கொதிக்கும். அதே டிகிரி பொறித்த புதிய தெர்மோஸ்டாட்டை வாங்கி, காற்றுத் துளை மேல்பக்கம் வரும்படி பொருத்துங்கள். கேஸ்கட்டையோ ஓ-ரிங்கையோ புதிதாகப் போட்டு, கூலண்ட் நிரப்பி, காற்று முழுக்க வெளியேறும் வரை பொறுத்திருந்து, ஆறிய பிறகு இன்னொரு முறை அளவு பாருங்கள். உள்ளே காற்று சிக்கினால் முள் மறுபடியும் கீழே விழும், புதுப் பாகத்தின் மேல் வீண்பழி விழும்.