மூன்றறைப் பெட்டியா, பஞ்சுக்குச்சியா?

சுண்டெலிகள் ஒன்றோடொன்று பழகுவதை அளக்க எது நல்லது? மூன்றறைப் பெட்டியில், சுண்டெலி இன்னொரு சுண்டெலி இருக்கும் அறையில் எவ்வளவு நேரம் கழிக்கிறது என்று பார்ப்போம்; பஞ்சுக்குச்சியில், மணம் தோய்த்த பஞ்சை எவ்வளவு நேரம் மோக்கிறது என்று பார்ப்போம். காட்பாடிப் பக்கம் உயிரியல் ப்ராஜெக்ட் செய்யும் பிள்ளைகளுக்கு இதே குழப்பம்.

செலவு: பெட்டிக்கு அக்ரிலிக், கேமரா. குச்சிக்குப் பஞ்சும் இன்னொரு சுண்டெலியின் சிறுநீரும்.
நேரம்: பெட்டியில் ஒரு கட்டம் வழக்கமாக 10 நிமிடம், ஒரு குச்சிக்கு 2.
தொல்லை: வேலூர் வெயிலுக்கு ஃபேன் போட்டால் குச்சியின் மணம் கலையும்.

பெட்டி முடிவை மட்டும் நம்பாதீர்கள்; குறை எங்கே என்று அது மட்டும் சொல்லாது. ஆக்ஸிடோசின் (பழகுவதில் பங்குள்ள மூளை ஹார்மோன்) மரபணு இல்லாத சுண்டெலி, பழகிய சுண்டெலியையே மறக்கும். மோப்பத்தில் குறையில்லை (2000 ஆய்வு). டிஆர்பிசி2 என்ற மரபணு இல்லாத ஆண் சுண்டெலிக்கோ, மற்றச் சுண்டெலிகள் விடும் ஃபெரோமோன் (வேதிச் சமிக்ஞை) மூக்கிலுள்ள அதற்கான தனி உறுப்பு வழியே எட்டாது; ஆண், பெண் பாராமல் இணைய முயலும் (2002 ஆய்வு). குறை ஒன்றில் நினைவில், மற்றதில் ஃபெரோமோன் உணர்வில்.

மோப்பம் மட்டும் என்றால் குச்சியே போதும். மூளை ஏற்பிகளை (ஆக்ஸிடோசின் போன்றவை வந்து ஒட்டும் புரதங்களை) ஆராய்பவர்களுக்குப் பெட்டிதான், குச்சியில் தேறிய பிறகு. நெறிமுறைக் குழு அனுமதி இரண்டுக்கும் முதலில்.