இறங்கிய பின்னும் எழுதிய மக்கள் பிரதிநிதி: ஜான் குவின்சி ஆடம்ஸ் மின் நாட்குறிப்பு

பதவியை விட்டு இறங்கிய பிறகு அரசியல் தலைவர்கள் எழுதும் நினைவுக்குறிப்புகளை நான் அவ்வளவாக நம்புவதில்லை. முடிவு தெரிந்தபின் எழுதப்படுவதால், அவற்றில் எல்லோரும் தொடக்கத்திலேயே சரியாகக் கணித்தவர்களாகக் காட்சி தருகிறார்கள். நாட்குறிப்பில் அந்த வசதி இல்லை. நாளை வாக்கெடுப்பு எப்படிப் போகும் என்று தெரியாமலேயே இன்றைய பக்கம் எழுதப்படுகிறது. பாஸ்டனிலுள்ள மாசசூசெட்ஸ் வரலாற்றுக் கழகம் இணையத்தில் கட்டணமின்றித் திறந்து வைத்திருக்கும் அமெரிக்கக் குடியரசுத் தலைவராக இருந்த ஜான் குவின்சி ஆடம்ஸின் நாட்குறிப்பு இந்தக் காரணத்தாலேயே என்னை ஈர்த்தது.

1779 நவம்பரில், பன்னிரண்டு வயதுச் சிறுவனாகத் தந்தையுடன் ஐரோப்பாவுக்குப் புறப்பட்டபோது தொடங்கிய எழுத்து இது. 1848இல் அவர் இறக்கும் ஆண்டு வரை நீண்டு, 51 தொகுதிகளாக, 14,000 பக்கங்களைக் கடந்து நிற்கிறது. இடையில் அவர் செனட் உறுப்பினர், ரஷ்யாவிலும் பிரிட்டனிலும் தூதர், வெளியுறவு அமைச்சர், 1825 முதல் 1829 வரை குடியரசுத் தலைவர். அதன்பின், உயர்ந்த பதவியில் இருந்தவர்கள் செய்யத் தயங்குவதை அவர் செய்தார்: 1831இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழவையான பிரதிநிதிகள் சபையின் சாதாரண உறுப்பினராகத் திரும்பி வந்து, சாகும்வரை அங்கேயே இருந்தார். அந்தத் தேர்தலில் வென்ற செய்தி வந்தபோது, குடியரசுத் தலைவராகத் தேர்வானதுகூடத் தன் உள்ளத்துக்கு இதில் பாதி மகிழ்ச்சியைத் தரவில்லை என்று 1830 நவம்பரில் எழுதுகிறார்.

கையெழுத்துப் பக்கங்களின் படங்களையும், அறிஞர்கள் படித்துத் தட்டெழுதிய வாசகத்தையும் இச்சேவை தருகிறது. தேதியைக் கொண்டோ சொல்லைக் கொண்டோ தேடலாம். அவருடைய மகன் சார்லஸ் பிரான்சிஸ் ஆடம்ஸ் 1874 முதல் 1877 வரை பன்னிரண்டு தொகுதிகளாக வெளியிட்ட பதிப்பு, குடும்பச் செய்திகளைப் பெரும்பாலும் விலக்கிவிட்டு, பொது வாழ்வின் மனிதரை மட்டுமே முன்னிறுத்தியது. அந்தப் பிரிவினை இங்கே இல்லை என்பதுதான், என் கணிப்பில், இந்தச் சேவையின் முதன்மையான பயன். வெளிநாட்டு அரசியலைப் பற்றிய ஒருவரின் கருத்து எந்த மனநிலையில் பிறந்தது என்பதை அதே பக்கத்திலேயே காண முடிகிறது.

ரஷ்ய ஆண்டுகளை எடுத்துக்கொள்ளலாம். 1809 ஆகஸ்டில் பாஸ்டனிலிருந்து கப்பலேறிய அவர், புனித பீட்டர்ஸ்பர்க்கில் நேவா ஆற்றங்கரையில் நடைபோகும்போது பேரரசர் அலெக்சாண்டரை எதிரில் சந்தித்து உரையாடியவற்றைப் பொறுமையாகப் பதிவு செய்கிறார். நெப்போலியனின் படை மாஸ்கோவுக்குள் நுழைந்த 1812 செப்டம்பரில்தான் அவருடைய கைக்குழந்தை லூயிசாவும் புனித பீட்டர்ஸ்பர்க்கில் இறந்தாள். ஒரு கண்டத்தின் போரும் ஒரு வீட்டின் சாவும் அடுத்தடுத்த வரிகளில் வரும்போது, தூதரின் அறிக்கைகள் எதை மறைத்தன என்பது விளங்குகிறது.

ஆனாலும் என்னை அதிகமாகப் பிடித்துவைத்தவை சபையில் கழிந்த ஆண்டுகளே. அடிமை முறையை எதிர்த்து வரும் மனுக்களை விவாதிக்காமலேயே ஒதுக்கிவிட வேண்டும் என்று 1836இல் சபை தீர்மானித்தது. வாய்ப்பூட்டு என்ற நம் சொல் இதற்கென்றே உருவானதோ என்று தோன்றும். எட்டு ஆண்டுகள் விடாமல் போராடிய ஆடம்ஸ், 1844 டிசம்பர் 3 அன்று 108க்கு 80 என்ற வாக்குகளில் அதை நீக்கச் செய்து, அன்றைய பதிவில் கடவுளின் பெயரை வாழ்த்தினார். சபை நடவடிக்கைக் குறிப்பில் எண்கள் மட்டுமே கிடைக்கும். அந்த எண்களை எட்டுவதற்குள் ஒரு முதியவர் எத்தனை இரவுகள் உறங்காமல் தன்னையே நொந்துகொண்டார் என்பதற்கு இந்தப் பக்கங்களே சான்று.

இவற்றைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அவருக்கு நாக்கு கூர்மை. 1833இல் ஹார்வர்டு பல்கலைக்கழகம் ஆண்ட்ரூ ஜாக்சனுக்குக் கௌரவப் பட்டம் வழங்கியபோது, தன் பெயரையே ஒழுங்காக எழுதத் தெரியாத காட்டுமிராண்டி என்று குறித்து வைத்தார்; குடியரசுத் தலைவர் தேர்தலில் தன்னைத் தோற்கடித்தவர்மீது கொண்ட கசப்பு அதில் அப்பட்டமாகத் தெரிகிறது. தன்னையும் அவர் விட்டுவைக்கவில்லை: தான் ஒதுங்கிய, குளிர்ந்த, கடுமையான இயல்பினன் என்று 1819இல் எழுதியிருக்கிறார். மறுபுறம், 1820 ஜனவரியில் அடிமை முறையோடு மிசௌரியை மாநிலமாகச் சேர்ப்பதா என்ற சிக்கலைப் பார்த்து, இது ஒரு பெரிய சோக நூலின் தலைப்புப் பக்கம் மட்டுமே என்று அவர் எழுதிய வரி, நாற்பது ஆண்டுகளுக்குப் பின் வந்த உள்நாட்டுப் போரை அறிந்த நம்மைத் திடுக்கிட வைக்கிறது.

பயன்படுத்துவோருக்கு ஒரு சொல். ஒரே காலத்துக்கு விரிவான பதிவு, ஒரு நாளுக்கு ஒரு வரி என்ற சுருக்கப் பதிவு, வரைவு என ஆடம்ஸ் பலவிதமாக எழுதியிருப்பதால், தொகுதிகள் காலத்தால் ஒன்றின்மேல் ஒன்று படிகின்றன. எதில் இருக்கிறோம் என்று முதலில் குழப்பம் ஏற்படும். தேடல் பெட்டியை நம்பி இதைப் படிப்பதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். மேற்கோளுக்காகத் தேடினால் மேற்கோள் மட்டுமே கிடைக்கும். ஏதேனும் ஒரு மாதத்தைத் தேர்ந்தெடுத்து, வானிலையும் விருந்தாளிகளும் பொட்டோமாக் ஆற்று நீச்சலும் உட்பட விடாமல் படித்தால்தான் அரசியல் எங்கே நுழைகிறது என்பது பிடிபடும்.

தட்டெழுத்து வாசகம் போதும் என்று படங்களைத் தவிர்ப்பவர்கள், கடைசித் தொகுதிகளிலாவது அவற்றைத் திறந்து பார்க்க வேண்டும். ஆண்டுகள் செல்லச் செல்லக் கை நடுக்கம் எழுத்தில் ஏறுகிறது. 1846 நவம்பரில் பக்கவாதம் தாக்கியது. மீண்டும் எழுதத் தொடங்கியபோது, அந்த நாளையே தன் இறப்பு நாளாகக் கருதுவதாகவும், இனி எழுதுவது மறைவுக்குப் பிந்தைய நினைவுக்குறிப்பு என்றும் குறித்தார்; ஆனாலும் பக்கவாதம் வந்த மறு ஆண்டே அவர் சபைக்குத் திரும்பிப் போனார்.